கூரையில் காத்திருந்த ஐவர்

மதலேனாள் ஆறாவது பிள்ளையைப் பெற்ற வாரம், இனிமேல் பிறக்கவேண்டிய அவளுடைய பிள்ளைகள் ஐந்தும் வீட்டுக் கூரை முகட்டில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. பெரியாற்று அணை வேலைக்கு மலைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த வருஷம் அது. கூடலூரில் கிறிஸ்தவர்கள் குடியிருந்த வேதக்காரர் தெருவில் பேச்செல்லாம் கூலியும் கேப்பை விலையுமாக இருந்தது. ஏறிட்டுப் பார்த்தவர்கள், மூக்கு மிக்கேலுடையது, முழி மதலேனாளுடையது என்று பங்கு பிரித்துவிட்டு நடையைக் கட்டினார்கள். பயந்தவள் மதலேனாள் மட்டும்தான். மருத்துவச்சி பவுனு கையைக் கழுவிக்கொண்டே சொல்லியிருந்தாள்: “ஏத்தா, அடுத்தது வந்தா பிள்ளை தங்கும், நீ தங்க மாட்ட.” ஆனால் அந்தப் பிள்ளைகளால் ஒரு வசதியும் இருந்தது. ஆபத்து நெருங்கினால் மூத்தது கூரையில் சறுக்கி இறங்கும். விலகினால் திரும்ப முகட்டுக்கு ஏறிவிடும்.

முதலில் மதலேனாள் தபசுகாலத்தை நம்பினாள். கறியையும் பெண்டாட்டியையும் ஒதுக்கிவைக்கிற அந்த நாட்களை அப்படியே வருஷம் முழுக்க நீட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு. புருஷன் மிக்கேல் நெற்றியில் சாம்பலோடு மாட்டுக்கொட்டத்தில் பாய் விரித்தான். பிள்ளைகள் முகட்டில் கொட்டாவி விட்டன. ஆனால் மலையில் பாறையை உடைக்க வேட்டுப் போட்டார்களா, அதைப் பாஸ்காத் திருநாள் வேட்டு என்று எடுத்துக்கொண்டு மிக்கேல் பாயைச் சுருட்டி உள்ளே வந்துவிட்டான். “ஆண்டவர் உயிர்த்துட்டாரு, மதலேனா.” “இன்னும் சிலுவையிலயே ஏறல, நீங்க அதுக்குள்ள எந்திரிச்சு வந்துட்டீகளாக்கும்!” வெளியே மூத்தது தாழ்வாரம் வரை சறுக்கி, காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து அவனையே அணை வேலைக்கு அனுப்பினாள். அதைவிடப் பத்திரமான வழி கிடையாது. பிள்ளைகள் படுத்துத் தூங்கின. தூக்கம் போனது மதலேனாளுக்கு. பக்கத்து வீட்டு ராக்கம்மாளிடம் மிளகாய் வாங்கப் போகிறவள், மிக்கேல் சிரிக்கிற அழகைப் பேசிவிட்டு மிளகாயை மறந்து திரும்பினாள், மறுபடி போனாள். “மதினி, அண்ணன வரச் சொல்லிருங்க. ஒங்க வீட்டுக் கொழம்பாச்சும் ஒறைக்கும்” என்றாள் ராக்கம்மாள். பிள்ளை வரக்கூடாது, புருஷனும் போகக்கூடாது. தனக்குத் தோதான வழி அப்படித்தான் இருக்கவேண்டும் என்று மதலேனாளுக்கு அப்போதுதான் புரிந்தது.

கருத் தங்காமலிருக்க உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லி, பவுனு வேப்பெண்ணெயில் நனைத்த பஞ்சைக் கொடுத்தாள். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு முகட்டுக்கு ஓடின. மலையிலிருந்து வந்திருந்த மிக்கேலும் அதே வேகத்தில் வாசலுக்கு ஓடினான். மதலேனாள் விடவில்லை. அவன் மடியில் கட்டிவந்த ஏலக்காயை நசுக்கி அவன் மீசையில் தேய்த்தாள். “இப்ப என்ன வாசம் வருது?” “பாயசம்.” “அப்ப வாங்க.”

அன்று முதல் மிக்கேல் மீசை மணத்தால் தெரு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பவுனுவைத் தேடிப் போனார்கள். எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவள் தபசை நீட்டினாள். புருஷனைப் பிடிக்காதவள் அணையை வாழ்த்தினாள். கூரைக்குக் கூரை பிறவாத பிள்ளைகள் கூடி, தாயம் ஆடின. அணை முடிந்து வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்ததை உயரத்திலிருந்து பார்த்து முதலில் கைதட்டியதும் அவைதான். மதலேனாளுக்கு நரை விழுந்தது, பேரன் பேத்தியும் எடுத்தாள். கூரை வேய வந்த வீரணன் ஏணியில் ஏறி, “கொஞ்சம் அங்கன தள்ளி ஒக்காருங்கப்பா” என்றான். ஐந்தும் தள்ளி உட்கார்ந்தன.