செத்தவன்மேல் சந்தேகம்

"கொலை செஞ்சது அந்தத் தோட்டக்காரன்தான்" என்றார் அந்துவான்.

ஞானம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கொலையானவனே தோட்டக்காரன்தான். கதை தொடங்கும்போதே செத்துப்போயிருந்தான்.

ஞாயிறு மாலைகளில் வானொலியில் பழைய போலீஸ் நாடகத்தை மறுபடி ஒலிபரப்பினார்கள். புதுச்சேரியிலிருந்து பாரிஸ் வந்த புதிதில் இருவரும் சேர்ந்து கேட்டது. இன்ஸ்பெக்டர் ப்ரெவோ துப்பாக்கி எடுக்கமாட்டார், காரில் துரத்தமாட்டார். படியேறுவார், கதவைத் தட்டுவார், கேட்டதையே மறுபடி கேட்பார். ஒரே ஒரு தடயத்தை நம்பி யாரையும் பிடிக்கமாட்டார். கொலையாளி யாரென்று ஊகிப்பதில் தோற்றவர் காப்பி போட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

கணவரைச் சந்தேகிக்க இந்த ஒரு தடயம் போதாது. மறுநாள் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் காய் வாங்கும்போது கடைக்கார மடுத்தீனிடம் பேச்சோடு பேச்சாகக் கணவரைப் பற்றி விசாரித்தாள்.

"ஐயாவோ? போன கிழமை குடையை இஞ்சை விட்டிட்டுப் போனவர். பின்னாலை ஓடிக் கூப்பிட்டன், திரும்பேல்லை. என்னோடை கோவமாக்கும் எண்டு நினைச்சன் அக்கா."

"உங்களோட என்ன கோவம்? உங்க கத்திரிக்காய் மேல வேணும்னா இருக்கும்."

குடையை வாங்கிக்கொண்டு நடந்தாள். சிரிப்பு தெருமுனையோடு போயிற்று. அவருக்குக் காது கேட்கவில்லை என்று வெளியே தெரிந்துவிட்டால், 'நீ கேளு' என்று அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ரெவோவும் அவளும் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு ப்ரெவோ ஒரு விதவையை விசாரித்துக்கொண்டிருந்தார். திரைச்சீலையைச் சரிசெய்வதுபோல் எழுந்து, அந்துவானுக்குப் பின்னால் இருந்த வானொலியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவள் சிரித்துப் பார்த்தாள். அவரும் சிரித்தார்.

ப்ரெவோ யாரையும் மிரட்டமாட்டார். எதிரே உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார். ஞானம்மா நாற்காலியை இழுத்துக் கணவருக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

"எத்தனை நாளாங்க?"

அவர் அவள் உதடுகளைப் பார்த்தார். திரும்பி வானொலியைப் பார்த்தார். அதன் விளக்கு அணைந்திருந்தது.

"கோடையிலேர்ந்து" என்றார். "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ சிரிச்சா சிரிச்சேன், நீ பயந்தா பயந்தேன். கதை நல்லாத்தான் இருந்துச்சு."

"அதுக்காகச் செத்தவன் மேலயா பழி போடுவீங்க?"

"அவன் செத்துட்டானா? தோட்டக்காரன்னு ஒரு வார்த்தை மட்டுந்தான் காதுல விழுந்துச்சு."

"நாளைக்கே டாக்டர்கிட்ட நேரம் கேட்டு ரான்தெவு எடுக்கறேன்."

"காதுல மெஷின் மாட்டுனா நல்லா இருப்பனா?"

"இப்ப மட்டும்?"

அவள் வானொலியைப் போட்டாள். நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தவில்லை. ப்ரெவோ அடுத்த கதவைத் தட்டியபோது, கணவர் முழங்காலில் அவளும் விரலால் தட்டினாள்.

"யாரு கொலகாரன்? சொல்லுங்க பாப்போம்."

அந்துவான் அவள் முகத்தை அவசரப்படாமல் ஆராய்ந்தார்.

"உனக்கே இன்னும் தெரியல."

அன்றைக்குக் காப்பி போட்டது ஞானம்மாதான்.