சத்தம் வைக்காத பாட்டு

அம்மா செத்தபோது நான் அழவில்லை என்பதுதான் வெள்ளறடையில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. பெட்டியை மூடும்போதும் அழவில்லை, கல்லறையில் மண் போடும்போதும் அழவில்லை. பக்கத்து வீட்டு செல்லபாய் அக்கா, பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்ப்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொங்கவில்லை. அழமாட்டேன் என்று நான் பிடிவாதமா பிடித்தேன்? வரவில்லை, அவ்வளவுதான்.

"மக்கா சிஜி, ஒருக்கா அழுது தீத்திரு. உள்ள வச்சா நெஞ்ச அடைக்கும்," என்றாள்.

"வரும்போ சொல்லி விடுகேன் அக்கா," என்றேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

கண்ணீர் வராதது பெரிய காரியமில்லை. பாட்டும் போய்விட்டதுதான் பயமாக இருந்தது. பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறவள் நான். புதிதாக ஏதாவது பழகினால், அம்மா அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்பாள்: "இது ஏது பாட்டு, சிஜி?" சொல்லுவேன். மறுநாள் அதையே தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு முற்றம் பெருக்குவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"அம்மா, ராகத்தப் போட்டுக் கொல்லாத."

"நான் எனக்காக்கும் பாடுகேன். ஒனக்கில்ல."

இப்போது எந்தப் பாட்டைக் கேட்டாலும் வெறும் சத்தமாக இருந்தது. பஸ்ஸில் பாட்டு போடுவான். எனக்கு அதுவும் எஞ்சினும் ஒன்றுதான்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில், சபையில் நினைவு ஆராதனை முடிகிறவரை பாட்டு போடுவதில்லை. மற்ற வீடுகளில் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது, சீரியல் தொடங்கிவிடும். எங்கள் அப்பா ரெத்தினதாஸ் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சட்டம் என்றால் சட்டம். டிவியின்மேல் போர்வையைப் போட்டு மூடினார். என் கீபோர்டை உறையில் போட்டு அலமாரியின் உச்சியில் ஏற்றினார். பிறகு அவரும் ஏறக்குறைய பேசுவதை விட்டுவிட்டார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஞாயிறாழ்ச்ச நினைவு ஆராதனைக்கு அம்மைக்கப் பாட்ட நீதான் வாசிக்கணும். வேற ஆளு வேண்டாம்."

இறந்தவருக்குப் பிடித்த பாட்டைக் காணிக்கை எடுக்கும்போது வாசிப்பது எங்கள் சபையில் வழக்கம். சரி என்று தலையாட்டினேன். ஆனால் என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். பாடகர் குழுவை நடத்துகிற வேதமணி அண்ணனுக்கும் அது தெரிந்திருந்தது. "ஒனக்கு ஒக்கல்லேங்கி, முடியல்லேங்கி சொல்லு. காஞ்சிரங்குளத்துல ஒரு பயல் உண்டு, நல்லா வாசிப்பான். சனியாழ்ச்ச கோயிலுக்கு வந்து ஒருக்கா வாசிச்சுப் பாரு, பெறவு முடிவு பண்ணலாம்," என்றார்.

இதற்கிடையில் என் பொழுது போனது ஒரு போன் விளையாட்டில். பாறசாலையில் நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபில் அனகா என்று ஒரு பெண். நான் மதியம் டிபன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு இருப்பதைச் சகிக்காமல் என் போனை வாங்கி அதை ஏற்றிக்கொடுத்தாள். "சேச்சி, இதொந்நு களிச்சு நோக்கு. தல ஒந்நு தணுக்கும்," என்றாள். விளையாடிப் பார்த்தால் தலை கொஞ்சம் குளிருமாம்.

திரையில் மேலேயிருந்து நாலு வரிசையாக நீலக் கட்டைகள் விழும். கோட்டைத் தொடும்போது விரலால் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் போன் லேசாக அதிரும். அடுத்தடுத்துத் தப்பவிட்டால் பாட்டு நின்றுபோகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டுக்கேற்பத் தட்டுகிற விளையாட்டுதான், ஆனால் சாவு வீட்டில் பாட்டு எப்படி வைப்பது? ஒலியை முழுதும் குறைத்துவிட்டு விளையாடினேன். யாரும் என்னிடம் எதையும் உணரச் சொல்லவில்லை. கட்டை வந்தால் தட்டு, அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதில் எனக்குப் பிடித்துப்போனது ஒரே ஒரு பாட்டு. பெயர் ஏதோ நாட்டு எழுத்தில் இருந்தது, வாசிக்கத் தெரியவில்லை. கட்டைகள் மழைபோல் விழும். நிச்சயம் ஏதோ குத்துப்பாட்டு என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்ச நேரம் ஒரு கட்டையும் வராது. விரலை உதறிக்கொள்ள விட்ட இடம் என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில், லேபில், சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் என்று அதையே விளையாடி, கடைசியில் கண்ணை மூடிக்கொண்டும் தட்டுகிற அளவுக்கு விரலில் ஏறிவிட்டது. காதில் மட்டும் ஏறவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் நானும் ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். கோயிலைக் கூட்டித் திறந்து பூட்டுகிற கோயில்குட்டி கதவைத் திறந்து, ஸ்பீக்கரையும் கோயில் கீபோர்டையும் போட்டுக் கொடுத்துவிட்டு மணிக்கூண்டைக் கூட்டப் போனார். வேதமணி அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையை வாசித்தேன். ஒரு ஸ்வரமும் தப்பவில்லை. லேபில் ரிசல்ட் டைப் செய்கிறபோது எனக்கு என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. பாதியில் கையை எடுத்துவிட்டேன். அப்பா குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயலையே வரச்சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், வழக்கம்போல போனை எடுத்து என் பாட்டைத் திறந்தேன்.

பாடகர் குழுவுக்குப் பாட்டு பழக்க, என் போனை அந்த ஸ்பீக்கரோடு ப்ளூடூத்தில் முன்பே இணைத்து வைத்திருந்தேன். அது தானாகவே போய்ச் சேர்ந்துகொள்ளும் என்பது நினைவில் இல்லை. நான் குறைத்து வைத்திருந்தது போனின் ஒலியைத்தான். ஸ்பீக்கருக்கு வைத்த ஒலி பழையபடி முழுசாக இருந்திருக்கிறது.

கோயில் நிறையப் பாட்டு கேட்டது.

குத்துப்பாட்டு இல்லை. ஒரு பெண் பாடினாள். மெதுவாக, அவசரமே இல்லாமல், வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பாடுகிறவள் குரல். நான் தட்டித் தட்டித் தேய்த்த கட்டைகளெல்லாம் அவள் குரலுக்கு அடியில் ஓடுகிற சின்னத் தாளம். இத்தனை நாளும் நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், மேலே ஒருத்தி பாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. நிறுத்தியிருக்க வேண்டும். சாவு வீட்டுக்காரி, அதுவும் கோயிலுக்குள், அதுவும் அப்பா முன்னால். நிறுத்த மனம் வரவில்லை. எனக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்ததே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கட்டையே வராத அந்த இடம் வந்தது. தாளம் நின்றது. அங்கேதான் அவள் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நீளமாகப் பாடினாள். நான் விரல் உதறிக்கொண்டிருந்த இடம்.

"இது ஏது பாட்டு, சிஜி?" என்றார் அப்பா.

நான் பதில் சொல்லத் திரும்பினேன். அப்பா இருந்த பக்கமாக இல்லை. வீட்டில் நான் வாசிக்கும்போது அடுக்களை இருக்கிற பக்கமாக. கோயிலில் அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் அம்மா கேட்ட பாட்டுகள். இது அம்மா கேட்காத முதல் பாட்டு. நாளைக்கு முற்றம் பெருக்கும்போது இதை யாரும் தப்பாகப் பாடப்போவதில்லை. இதை மட்டுமில்லை, இனி நான் கண்டுபிடிக்கிற எந்தப் பாட்டையும்.

கட்டைகள் விழுந்து தாண்டிப் போயின. பாட்டு அறுந்து நின்றது.

"ஏன் மக்கா நிப்பாட்டின?"

"நான் நிப்பாட்டல்லப்பா. கைய விட்டா அது தானா நின்னுரும்."

திரையில் சொட்டு விழுந்தது. துடைத்தேன், இன்னொன்று விழுந்தது. அப்பா எழுந்து பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். பாட்டு வைத்ததற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் தந்தார்.

"அப்போ கைய விடாத. முதல்லயிருந்து போடு," என்றார்.

ஈரம் இருந்தால் அந்தத் திரை விரலைக் கேட்காது. திரையையும் விரலையும் நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடங்கினேன். கண் கலங்கிக் கட்டை ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்திருந்தது. அப்பா பக்கத்தில் நின்று கேட்டார்.

பாதியில் வேதமணி அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "என்ன சிஜி, நாளைக்கு அந்தப் பயல வரச்சொல்லட்டா, வேண்டாமா?"

"வேண்டாம், அவ வாசிப்பா," என்றார் அப்பா. "நீ செத்த நேரம் பேசாம இரி வேதமணி. அவளுக்கு இப்போ கைய விட ஒக்காது."