கனமெல்லாம் தண்ணிதான்

"பொண்ணு பாக்க வர்றவங்க கிளம்புற வரைக்கும் தலைய வெளிய காட்டாத. இருமல் வந்தாக்கூட அடக்கிக்க," என்று சொல்லிவிட்டுப் பெரியவள் சலவை அறைக் கதவை வெளியே தாழிட்டாள்.

சின்னவளுக்குப் பேசும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. பெரியவளின் புருஷனும் அவன் தம்பியுமாக நடத்திய சலவைக்கடை அது. தம்பி செத்த அன்றே அவன் மனைவியான சின்னவள் அந்த வீட்டுக்கு அபசகுனம் ஆகிவிட்டாள். நல்ல காரியத்துக்கு அவள் முகம் ஆகாது. ஊரார் அழுக்கைத் துவைக்க அவள் கை மட்டும் ஆகும். அப்படியொரு நியாயம்.

விடுதிகளிலிருந்து வரும் பெரிய விரிப்புகளைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரும் புதிருமாக முறுக்க வேண்டும். கைகள் சேர்ந்து ஓடுவதற்காக அவளும் அவள் புருஷனும் ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். அவன் போன பிறகு பெரியவளின் மகள் மறுமுனையைப் பிடித்தாள். அம்மாவின் காதில் விழாமல் இருவரும் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பில்தான் சின்னவளின் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் கல்யாணத்துல நீதான் சித்தி முன்னாடி நிக்கணும்," என்று அந்தப் பெண் ஒருநாள் சொன்னாள். பாவி மனசு அதை நம்பிவிட்டது.

இன்று கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, "ஒரு பாட்டுப் பாடேம்மா," என்றாள். பெண்ணுக்குத் தெரிந்தது ஒரே பாட்டு.

"முறுக்கு முறுக்கு, கைய விடாதே,
கனமெல்லாம் தண்ணிதான், துணியில்லே."

"நல்லாருக்கே. யாரு சொல்லிக்குடுத்தா?"

"நான்தாங்க," என்றாள் பெரியவள், கொஞ்சமும் கூசாமல். "நானே கட்டுன பாட்டு."

சின்னவள் கதவில் காதை வைத்துக் காத்திருந்தாள். இப்போது அந்தப் பெண் வாயைத் திறப்பாள், என் சித்தி பாட்டு என்பாள். ஆனால் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது, யாரோ சிரித்தார்கள். பெண் மூச்சு விடவில்லை.

சின்னவள் கதவைவிட்டு நகர்ந்தாள். இனி மறுமுனையைப் பிடிக்கவும் ஆளில்லை. ஈர விரிப்பின் ஒரு முனையைக் குழாயில் கட்டினாள். மறுமுனையை முறுக்கிப் பார்த்தாள். கை ஓடவில்லை. பாட்டில்லாமல் எப்படி ஓடும்? வாய்விட்டே பாடினாள். புருஷனோடு மட்டும் பாடிய, அந்தப் பெண்ணுக்குக்கூடச் சொல்லித்தராத அடிகள்.

"பிழிஞ்சவன் போனாலும் கொடி இருக்கு,
காயாத துணியும் உண்டோ வெயிலிருக்க."

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"உள்ள யாரு?"

"வேலைக்காரிங்க. நான் பாடுறதக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டா."

"அப்ப இந்த அடியையும் நீங்களே ஒருதரம் பாடுங்க, கேக்கலாம்," என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

பெரியவள் மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். தாழ்ப்பாளைத் திறக்க யாரும் எழுந்து வரவில்லை. உள்ளே சின்னவள் திரும்ப முதல் அடியிலிருந்து ஆரம்பித்தாள்.