டாக்டரம்மா மேல் புகார்

பெரியநாயக்கன்பாளையத்தை அடுத்த பட்டறைத் தொழிலாளர் குடியிருப்பில், சின்னஞ்சிறு கிளினிக் ஒன்றில் டாக்டர் லோகப்பிரியா படபடப்போடு உட்கார்ந்திருந்தாள். குடும்ப மருத்துவப் பயிற்சியில் அன்று கடைசித் தேர்வு. கோவையிலிருந்து பேராசிரியர் பத்மாவதி வந்திருந்தார். அவள் நோயாளிகளைப் பார்க்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து கவனிப்பார். தேறினால் விரும்பிய ஊரைக் கேட்டு வாங்கலாம். தவறினால் இங்கேயே இன்னும் ஒரு வருடம்.

இதை முந்தின நாள் நர்ஸிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? பொழுது சாய்வதற்குள் குடியிருப்பே கூடிப் பேசி, டாக்டரம்மாவை ஃபெயில் ஆக்கிவிடுவது என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டது.

முதல் ஆளாக வந்த பட்டறைக்காரர் தனபால், பேராசிரியரைப் பார்த்துப் பணிவாகக் கும்பிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். அம்மணி தங்கமான புள்ளைதானுங்க. ஆனா வைத்தியம் பத்தாதுங்க. சளிக்கு ஒரு ஊசி போடச் சொல்லிக் கெஞ்சுனேன். சுடுதண்ணி குடிச்சாப் போதும்னு அனுப்பிப்போட்டாங்க."

"சளி என்னாச்சுங்க?" என்றார் பத்மாவதி.

"அது தானாப் போயிருச்சுங்க."

லோகப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்து வைத்தியம் செய்ததற்கு இதுதானா மரியாதை?

அடுத்து ஆமினா பீவி. "தலைவலிக்கு மாத்திரை கேட்டா, ஊட்ல என்ன கஷ்டம், தூங்கறீங்களான்னு ஒரே கேள்விங்க. எம்மவ வாழாம வந்து நிக்கறதை ஒருத்தருகிட்டயும் சொன்னதில்லீங்க. இவங்ககிட்டத்தான் சொல்லி அழுதுபோட்டேன்..." வந்த காரியத்தை மறந்து லோகப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்மாவதி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தேவிட்டார். "இதையெல்லாந்தானுங்க நான் வகுப்புல தொண்டை தண்ணி வத்தச் சொல்லிக்குடுத்தேன். லோகப்பிரியா, நீ பாஸ்!"

கதவோரம் நின்றிருந்த தனபாலின் முகம் தொங்கிப்போனது. "அப்ப... எந்த ஊரு கேக்கப் போறீங்க அம்மணி?"

நேற்று வரை அவள் மனதில் வடவள்ளிதான் இருந்தது. வீட்டுக்குப் பக்கம். இப்போது அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் எடுத்தாள்.

"இப்படி உட்காருங்கண்ணா. போன தடவை பிரஷர் ஏறிக் கெடந்துச்சு. இனி மாசா மாசம் வந்து பாக்கோணும்."

"யாருகிட்டீங்க?"

"எங்கிட்டத்தானுங்க."