மேஸ்திரி கை வாட்ச்

ருக்மணிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆலைக் கேட்டை மூஞ்சிக்கு நேராகச் சாத்திவிட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கையைத் திருப்பித் திருப்பி வாட்ச்சைக் காட்டுகிறார் மேஸ்திரி முனிவேல்.

"பாரு, நல்லாப் பாரு. ஏழு தாண்டிப் போச்சு. திங்கக்கிழமைன்னா மொத ஆளா வந்து நிக்கறே. சனிக்கிழமைன்னா ஒடம்பு வளைய மாட்டேங்குது. சோம்பேறிக் கழுதை! இனிமே அந்தச் சட்டி உனக்கில்ல. திங்கக்கிழமை வேற ஆளு உக்காரும்."

உள்ளே வரிசையாக வெந்நீர்ச் சட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பட்டுக்கூட்டை அதில் வேகவிட்டு நூல் எடுப்பதுதான் அங்கே வேலை. சன்னலோரச் சட்டி ருக்மணியுடையது. புருஷன் போன பிறகு அவளுக்கும் ரெண்டு பெண்களுக்கும் கஞ்சி ஊற்றுவது அந்தச் சட்டிதான். அதைப் பிடுங்கிக்கொண்டது போதாதென்று, அத்தனை பொம்பளைகள் காது கேட்க சோம்பேறியாம்! அவள் சானமாவு கிராமத்திலிருந்து நடந்தே வருகிறவள். காட்டோரம் ஆனை நிற்கும், பொழுது வெளுக்காமல் ஒருத்தரும் கால் வைக்க மாட்டார்கள். வெளுத்ததும் ஒரே ஓட்டம். தினமும் அதே வழி, அதே நடை. திங்கட்கிழமை சரியாக வந்து சேருகிற நடை சனிக்கிழமை மட்டும் எப்படிப் பிந்தும்? கால் என்ன கிழமை பார்த்தா நடக்கிறது?

இதில் இன்னொரு அக்கிரமத்தையும் கேளுங்கள். காலையில் கேட்டைச் சாத்த மேஸ்திரி கை வாட்ச். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேலையை விட மட்டும் முதலாளி அறைக் கடிகாரம் அடிக்க வேண்டும். பக்கத்துச் சட்டி மாரம்மா ஒருதரம் இதைக் கேட்டதற்கு, "அது கிழட்டுக் கடியாரம், ஸ்லோ. இது பெங்களூர்ல வாங்கின சீமைச் சரக்கு" என்று வாயை அடைத்துவிட்டார். ஸ்லோ என்று தெரிந்தும் சாயங்காலம் அதன் பேச்சைக் கேட்பானேன்? நல்லா இருக்குதே நியாயம்!

ருக்மணி வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். சட்டிகளின் ஆவி வாட்ச் கண்ணாடிக்குள் புகுந்து முள்ளே தெரியவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனவரை அவளும் விடாமல் தொடர்ந்தாள். அங்கே சகாயநாதனின் வாட்ச் ரிப்பேர்க் கடை. அந்த மனுஷனுக்கு எப்போதும் மூக்குநுனியில் கோபம்.

"உள்ள ஆவி போகாம பண்ணிக் குடு சகாயம். விளக்கெண்ணெய் தடவியும் ஏறுது."

"என்னாது, எண்ணெயா?"

"பின்மூடி சுத்தியும் தினம் தடவுவேன். எங்க வண்டி அச்சுக்குப் போடறதுதான். எந்த மழைக்கும் அச்சு துரு கண்டதில்ல."

சகாயநாதன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். "அடப் பாவி மனுசா! இது வாட்ச்சா, பணியாரச் சட்டியா? இந்தா, முடியாட்டம் ஒரு சுருள் கம்பி இருக்குது பாரு. இது விரிஞ்சு சுருங்கித்தான் நேரம் ஓடணும். உன் எண்ணெய் கசிஞ்சு சுத்தோட சுத்து ஒட்டிக் கெடக்குது. ஒட்டினா கம்பி குட்டையான மாதிரி. வாட்ச் தலைதெறிக்க ஓடும்." தந்தியாபீஸ் நேரத்துக்கு வைத்திருந்த தன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மேஸ்திரியின் வாட்ச் கால் மணி நேரம் முந்தி நின்றது. "எப்பத்தான் நேரம் வெப்பே?"

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை. காபி கிளப் ரேடியோ கேட்டு."

ருக்மணிக்குச் சுருக்கென்று பிடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை வைத்த நேரம் திங்களன்று சரியாக இருக்கும். அப்புறம் தினம் கொஞ்சம் கொஞ்சமாக முந்தி ஓடி, சனிக்கிழமை கால் மணி முன்னாலேயே கேட்டைச் சாத்த வைத்துவிடும். இத்தனை நாள் வாயில் இருந்த மரியாதை அப்போதே பறந்தது. "நானாய்யா சோம்பேறி? உன் வாட்ச் ஓடுன ஓட்டத்துக்கு எம்பொழப்பைப் புடுங்குவியா?"

கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. சகாயநாதன் யாரையும் சட்டை செய்யாமல் சுருள் கம்பியைக் கழற்றி பெட்ரோலில் அலசி உலர்த்தினார். திரும்பப் பூட்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஊசியை ஒரு இம்மி நகர்த்தினார். மூடியின் பிசுக்கைத் துடைத்து, தேன்மெழுகை நூல் மாதிரி உருட்டி விளிம்பில் வைத்து அழுத்தினார். தளர்ந்திருந்த கண்ணாடிக்குப் பதில் புதுசு மாட்டினார். "இனி ஆவி லேசுல ஏறாது. ஆனா சாவி குடுக்கற இடத்துல சந்து இருக்குது, தண்ணியில முக்காதே. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இங்கியே ஓடட்டும். ஒத்துப் பாத்துட்டுத்தான் தருவேன்."

தெருவுக்கு வந்ததும் மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "நடந்தது நடந்துபோச்சும்மே. இது நமக்குள்ள இருக்கட்டும். திங்கக்கிழமை வா, சட்டி உன்னுதுதான்."

"நமக்குள்ளயா? சோம்பேறிக் கழுதைன்னு நமக்குள்ளயா சொன்னே?"

திங்கட்கிழமை கேட் அகலத் திறந்திருந்தது. ருக்மணி வந்தாள், உள்ளே போகவில்லை. "அன்னிக்கு நடந்ததை எல்லாருக்கும் சொல்லு, வர்றேன்" என்று வாசலிலேயே நின்றாள். பின்னால் வந்த மாரம்மாவும் நின்றாள். அப்படியே ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். உள்ளே மேஸ்திரி ஏற்கெனவே கூடுகளைக் கொதிநீரில் போட வைத்திருந்தார். நேரத்துக்கு எடுக்காவிட்டால் வெந்து குழைந்து நூல் அறுந்துபோகும்.

"கூடு பாழாப் போகுது, வந்து தொலைங்கடி!" என்று மேஸ்திரி பதறினார். ஒருத்தியும் அசையவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வாட்ச் முந்தி ஓடிருச்சு" என்றார்.

"தரைகிட்டயா சொல்றே? எங்களுக்குச் சொல்லு. சத்தமா."

"ருக்மணி நேரத்துக்குத்தான் வந்தா! தப்பு என்னுது! போதுமா?"

அவள் நேராகப் போய்த் தன் சட்டி முன்னால் உட்கார்ந்தாள். நாள் பூராவும் மேஸ்திரி அவள் பக்கமே திரும்பவில்லை. பொழுது சாய்ந்தது. வெயில் சன்னலைத் தாண்டி ஏறிப்போனது. முதலாளி அறைக் கடிகாரம் இன்னும் அடிக்கவில்லை.

"மேஸ்திரி, உன் வாட்ச்சுல மணி என்ன?" என்று கேட்டாள் ருக்மணி.

கைகள் எல்லாம் வேலையை நிறுத்தின. மேஸ்திரி வாட்ச்சைப் பார்த்தார். முதலாளி அறைக் கதவைப் பார்த்தார். மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். "அஞ்சு தாண்டிருச்சு" என்றார் வாய்க்குள்ளேயே.

ருக்மணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "கேக்கல. சத்தமா."