ஒரு சோறு பதம்

ஆஸ்பத்திரி கேண்டீனில் சமைக்கிறவளுக்கு விரல்தான் தராசு. எவ்வளவு பெரிய அண்டாவாக இருந்தாலும் ஒரே ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்ப்பாள், போதும். பதம் தவறியதாக இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தக் கர்வத்தில் போனையும் அப்படியே பார்த்துவிட்டாள், பாவி.

மகளுக்கு ஆறு வயது. செய்யாத சேட்டை இல்லை என்பதால் வீட்டில் அவள் பெயர் வாலு. வாலுவுக்குக் கார்ட்டூனில் வரும் நீலப்பூனை என்றால் உயிர். அதன் ரசிகர்கள் யார் யாரோ வீடியோ செய்து போடுவார்கள். அப்படித்தான் 'நீலப்பூனைக்குப் பிறந்தநாள்' என்று ஒன்று வந்தது. பூனை ஆடியது, பலூன் பறந்தது. அம்மா அதுவரைக்கும்தான் பார்த்தாள்.

"இந்தா, சமத்தா இத பாத்துக்கிட்டே சாப்பிடு" என்று போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

பாட்டு பாதியில் நின்றது. அதற்குப் பின் கேட்டது கார்ட்டூன் குரல் இல்லை. ஈரக்கையோடு ஓடி வந்தாள். திரையில் நிஜப் பூனை, நிஜக் கத்தி, யாருடையதோ ஒரு கை. போனைக் கவிழ்த்தாள். வாலு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அப்பா அந்த வீடியோவைப் பற்றிப் புகார் கொடுத்துவிட்டுப் போனிலிருந்து அதை அழித்தார். "சின்னப் புள்ளதானே, ரெண்டு நாள்ல மறந்துடும்" என்றார்.

எங்கே மறந்தாள்? விளையாடும்போது தன்னையறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுப்பாள். சரியாக அந்த இடம் வந்ததும் நிறுத்திக் காதைப் பொத்திக்கொள்வாள். அந்த மௌனத்தில் அம்மாவுக்கும் அந்தப் பூனையின் ஓலம் கேட்கும். குழாய் கீச்சிட்டாலும் குக்கர் சீறினாலும் அதே ஓலம்தான். அதைவிடக் கொடுமை, அப்பா ஊட்டினால் இரண்டு வாய் இறங்கும். அம்மா கையை நீட்டினால் குழந்தை உதட்டை இறுக்கிக்கொள்வாள். ஊருக்கெல்லாம் வடித்துக் கொட்டுகிறவளின் கையால் சொந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்றால் பெற்ற வயிறு எரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டை வைத்துவிட்டுக் கேட்டேவிட்டாள். "ஏன்டி தங்கம், அம்மா மேல என்ன கோவம்?"

வாலு நிமிராமலே சொன்னாள்: "நீ பாத்துட்டுத்தானே எனக்குக் குடுத்த?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தெரிந்தே காட்டினாள் என்றல்லவா குழந்தை இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்!

"இல்லடா கண்ணு. ஆரம்பத்த மட்டும்தான் பாத்தேன். முழுசா பாக்கல. அம்மா மேலதான் தப்பு."

குழந்தை தட்டை அம்மா பக்கம் தள்ளினாள்.

"இத முழுசா பாத்தியா?"

அம்மா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சோற்றைத் தட்டு முழுக்கப் பரப்பி, ஒவ்வொரு பருக்கையாக ஒதுக்கிக் காட்ட ஆரம்பித்தாள். வாலு கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதித் தட்டு வந்ததும் காதைப் பொத்திக்கொண்டாள்.