கேட்டிருந்தால்

அந்த முகம் மெல்லத் திரும்புகிறது, என் நீள லென்ஸுக்குள், எண்பதடிக்கு அப்பால், நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது என்ற நினைப்பில் பொத்தானை அழுத்துகிறேன், அழுத்தினேன், கைப்பேசி அந்த மலைக்கு வந்திராத காலம், வடக்குத் தாய்லாந்தில் ஆக்கா பழங்குடியினரின் கிராமம் ஒன்று, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் கண்டுகொண்டு கையால் முகத்தை மூடியபோது நான் ஜீப்பில் ஏறியிருந்தேன், சென்னையில் அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்தது, என்ன ஒரு அமைதி என்றார்கள், நானும் ஆமாம் என்றேன், ஆனால் கனவில் அவள் திரும்பிக்கொண்டே இருந்தாள், முகம் மட்டும் வரவேயில்லை.

நான்கு வருடம் கழித்து, படத்தின் பிரதி ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மறுபடி அந்த மலை ஏறினேன், உடன் வந்த வழிகாட்டி ஆசோ பக்கத்து ஊர் ஆக்கா, கேமரா பைக்குள்ளயே இருக்கட்டும், முதல்ல டீ குடிங்க என்றான், குடித்தேன், அவள் பெயர் மீச்சூ என்று அப்போதுதான் தெரிந்தது, பரிசுப் படத்தின் அடியில் மலைப்பெண் என்றுதான் எழுதியிருந்தேன், பிரதியை விரித்ததும் அவள் தன் முகத்தைப் பார்க்கவில்லை, பின்னால் தெரிந்த மூங்கில் சுவரில் விரலை வைத்து ஏதோ சொன்னாள், என்ன சொல்றாங்க என்றேன், ஆசோ தரையைப் பார்த்தபடி அவள் சொன்னதை அப்படியே சொன்னான், அன்னைக்கு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என் மக இருந்தா, ஆறு வயசு, அந்த வருஷ மழையிலயே காய்ச்சல்ல போயிட்டா, அவளை யாரும் படம் எடுத்ததில்ல, நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சிருப்பேன்.

தப்புதான், மன்னிச்சுக்கச் சொல்லு என்றேன், ஆசோ அதை எந்தச் சொல்லால் சொன்னானோ, அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள், கிளம்பலாம் என்கிறேன், இருங்க என்கிறான், அவள் கணவனையும் மகனையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு வந்து படியில் உட்காருகிறாள், கேமராவை வெளியே எடுக்காமலே, எடுக்கட்டுமா என்று கேட்கிறேன், ஆசோ சொல்லும் முன்பே அவளுக்குப் புரிந்துவிடுகிறது, நெருங்கி உட்கார வந்த மருமகளைத் தடுத்து, தனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு குழந்தை உட்காரும் அளவு இடம் விட்டாள், அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தாள், பிறகு என்னை நேராகப் பார்த்து, இப்ப எடு என்றாள்.